முப்பது பேர், பதினான்கு நாள்: பயோடெர்மா கேங்கிரினோசத்துக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் சோதிக்கப்பட்ட விதம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த நோய் பெரும்பாலும் முன்காலில் ஒரு சிறு கொப்புளமாகத் தொடங்குகிறது. பூச்சி கடித்திருக்கும் என்றோ, எங்கோ இடித்துக்கொண்டோம் என்றோ நினைத்து நோயாளி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஓரிரு நாளில் கொப்புளம் உடைகிறது. உடைந்த இடம் ஆறாமல் அகன்றுகொண்டே போகிறது. விளிம்பு கருநீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில் தடித்து எழும்புகிறது. அந்த விளிம்பை மெல்லத் தூக்கிப் பார்த்தால், அடியில் சதை அரித்துப்போய், மேல்தோல் மட்டும் ஓட்டு வீட்டின் இறவாணம் போல நீட்டிக்கொண்டு நிற்பது தெரியும். புண்ணின் தரை ஈரமாகவும், மஞ்சளும் சாம்பலும் கலந்த படலம் படிந்ததாகவும் இருக்கும். வலியோ புண்ணின் அளவோடு சற்றும் பொருந்தாதது. போர்வையின் நுனி பட்டால்கூடத் தூக்கம் கலைந்துவிடும் அளவுக்கு அது கடுமையானது.

பயோடெர்மா கேங்கிரினோசம் என்ற பெயரை இதற்கு 1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த பிரன்ஸ்டிங், கெக்கர்மேன், ஓ'லியரி ஆகிய மருத்துவர்கள் வைத்தார்கள். ஐந்து நோயாளிகளைப் பார்த்து எழுதிய அவர்கள், இது கிருமியால் வரும் சீழ்ப்புண் என்று கருதினார்கள். பெயரின் முதல் பாதி சீழ்பிடித்த தோலையும் இரண்டாம் பாதி அழுகலையும் குறிக்கின்றன, இரண்டுமே தவறு. இங்கே கிருமித் தொற்றும் இல்லை, ரத்த ஓட்டம் நின்று சதை அழுகுவதும் இல்லை. நம்மைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில்கள், எந்த எதிரியும் இல்லாத இடத்தில் கூட்டமாக வந்து குவிந்து தோலைக் கரைக்கின்றன என்பதே இன்றைய புரிதல்.

பெயர் பிழையாக இருப்பதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி. சீழ்ப்புண் என்று நினைக்கும் மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதுகிறார், புண் பெருகுகிறது. அழுகல் என்று நினைக்கும் அறுவை மருத்துவர் கெட்ட சதையை வெட்டிச் சுத்தம் செய்கிறார். வெட்டிய விளிம்பிலிருந்தே நோய் புதிதாகக் கிளம்புகிறது. சிறு காயம் பட்டாலும் அந்த இடத்தில் புண் முளைக்கும் இந்த இயல்பு நோயாளிகள் எல்லோரிடமும் காணப்படுவதில்லை. ஆனால் இருப்பவர்களிடம், கத்தி வைப்பது எரியும் தீயில் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம்.

நோய் மிக அரிது. பிரிட்டனில் பொது மருத்துவர்களின் பதிவேடுகளிலிருந்து எடுத்து 2012-இல் வெளியிடப்பட்ட கணக்கின்படி, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 0.63 பேருக்கு, அதாவது பத்து லட்சம் பேரில் சுமார் ஆறு பேருக்கு, இது புதிதாக வருகிறது. அதே ஆய்வு, இந்த நோயாளிகளின் இறப்பு விகிதம் பொதுமக்களுடையதைவிட மூன்று மடங்கு அதிகம் என்றும் காட்டியது. குடல் அழற்சி நோய்கள், முடக்குவாதம், ரத்தக் கோளாறுகள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பலரிடம் கூடவே இருப்பது இதற்கு ஒரு காரணம். அரிதான நோய் என்பதால் சோதனைக்கு ஆள் சேர்ப்பது கடினம். ஆள் சேராததால் சோதனை நடக்காது. சோதனை நடக்காததால் ஒவ்வொரு மருத்துவரும் தம் அனுபவத்தில் கண்டதைக் கொடுப்பார். பெயர் வைத்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைமை இதுதான். ஸ்டீராய்டு கொடுத்தார்கள், சைக்ளோஸ்போரின் கொடுத்தார்கள், வேறு பலவும் கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து, மருந்துச் சரக்கே இல்லாத போலி மருந்தோடு ஒப்பிட்டு எந்த மருந்தையும் எவரும் சோதித்திருக்கவில்லை.

சோதனை எப்படிப் பிறந்தது

இன்ஃப்ளிக்ஸிமாப் தோல் நோய்க்காகப் பிறந்த மருந்து அன்று. உடலில் அழற்சியை மூட்டிவிடும் செய்திப் புரதங்களில் ஒன்றான டிஎன்எஃப் ஆல்ஃபாவைப் பிடித்துக் கட்டிவைக்கும் எதிர்ப்பொருள் அது. ஒரு பகுதி எலியிலிருந்தும் பெரும்பகுதி மனிதனிலிருந்தும் எடுத்த அமைப்பைக் கொண்டது. உயிரணுக்களில் வளர்த்தெடுக்கப்பட்டு, ட்ரிப் வழியாக ரத்தக்குழாயில் ஏற்றப்படுவது. அமெரிக்காவில் 1998-இல் கிரோன் என்ற குடல் அழற்சி நோய்க்கு அனுமதி பெற்றது. குடலுக்காக அதை ஏற்றிக்கொண்ட சிலருக்குக் காலில் இருந்த புண்ணும் ஆறுவதை மருத்துவர்கள் கண்டார்கள். ஒருவர் எழுதினார், பிறகு இன்னொருவர் எழுதினார். தனி நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் சேர்ந்தன.

இப்படிச் சேரும் குறிப்புகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது முக்கியமான கேள்வி. மருந்து கேட்டு ஆறிய புண்ணைப் பற்றி மருத்துவர் ஆர்வத்தோடு எழுதுகிறார். கேட்காமல் போன புண்ணைப் பற்றி எழுத எவருக்கும் கை வருவதில்லை. பத்துக் குறிப்புகளில் பத்தும் வெற்றி என்றால், மருந்து பத்துக்குப் பத்து வேலை செய்கிறது என்று பொருளாகாது. தோல்விகள் எங்கேயும் எண்ணப்படவில்லை என்பதே அதன் பொருள். மேலும் இந்தப் புண், எதுவும் செய்யாமலேயே சில காலம் அடங்கி, பிறகு சீறும் இயல்புடையது. அடங்கும் நேரத்தில் கொடுத்த மருந்து நல்ல பெயர் வாங்கிக்கொள்ளும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க பிரிட்டனைச் சேர்ந்த குடல் மருத்துவர்களும் தோல் மருத்துவர்களும் சேர்ந்து ஒரு சோதனையைத் திட்டமிட்டார்கள். ப்ரூக்ளின் என்ற மருத்துவரை முதல் ஆசிரியராகக் கொண்டு 2006-இல் 'கட்' என்ற மருத்துவ இதழில் வெளிவந்த அந்தச் சோதனையே இந்த ஆய்வின் பொருள். இந்த நோய்க்கு எந்த மருந்தையும் போலி மருந்தோடு குலுக்கல் முறையில் ஒப்பிட்ட முதல் முயற்சி அதுதான் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

பதினெட்டு வயது நிறைந்த, மருத்துவப் பரிசோதனையில் பயோடெர்மா கேங்கிரினோசம் என்று முடிவுசெய்யப்பட்ட நோயாளிகள் அழைக்கப்பட்டார்கள். மொத்தம் 30 பேர் சேர்ந்தார்கள். குலுக்கலில் 13 பேருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் இன்ஃப்ளிக்ஸிமாப் ஒரே முறை ஏற்றப்பட்டது. 17 பேருக்குப் போலி மருந்து ஏற்றப்பட்டது. எது யாருக்கு என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. இரண்டு வாரம் கழித்துப் புண்ணில் முன்னேற்றம் இருக்கிறதா என்று பார்ப்பதே முதன்மையான அளவுகோல். முன்னேற்றம் இல்லாதவர்களுக்கு, அவர்கள் எந்தப் பிரிவில் இருந்தாலும், மறைப்பில்லாமல் உண்மையான மருந்து வழங்கப்படும். ஆறாவது வாரத்தில் மறுபடியும் பார்க்கப்படும்.

ஏன் இரண்டே வாரம் என்று கேட்கத் தோன்றும். எனக்குத் தெரிந்தவரை இதற்கு விடை அறிவியலில் பாதியும் மனசாட்சியில் பாதியும் இருக்கிறது. நாளுக்கு நாள் அகலும், தூங்க விடாத புண்ணுள்ள ஒருவரிடம் ஆறு மாதம் உப்புநீர் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் நா எழாது. சொன்னாலும் நோயாளி சம்மதிக்க மாட்டார். பதினான்கு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், பிறகு எப்படியும் மருந்து கிடைக்கும் என்று சொன்னால் சம்மதிக்க வாய்ப்புண்டு. முப்பது பேர் சேர்ந்ததே அந்த வாக்குறுதியால்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

என்ன கிடைத்தது, அதை எப்படிப் படிப்பது

இரண்டாம் வார முடிவில், இன்ஃப்ளிக்ஸிமாப் பெற்ற 13 பேரில் 6 பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. அதாவது 46 சதவீதம். போலி மருந்து பெற்ற 17 பேரில் ஒருவருக்கு மட்டும், அதாவது 6 சதவீதம். இந்த வேறுபாடு தற்செயலாகத் தோன்றியிருக்கக்கூடிய வாய்ப்பைக் குறிக்கும் எண் 0.025, மருத்துவ ஆய்வில் வழக்கமாக வைக்கப்படும் 0.05 என்ற எல்லைக்குள் அது அடங்குகிறது. அதன்பின் மறைப்பில்லாத கட்டத்தையும் சேர்த்தால் 29 பேர் மருந்தைப் பெற்றார்கள். அவர்களில் 20 பேருக்கு, அதாவது 69 சதவீதத்தினருக்கு, ஏதோ ஒரு பலன் இருந்தது. ஆறாம் வாரத்தில் நோய் முழுமையாக அடங்கியவர்கள் 6 பேர், 21 சதவீதம். 9 பேருக்கு எந்தப் பலனும் இல்லை. குடல் அழற்சி நோய் கூடவே இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த மருந்தைக் கருத்தில் கொள்ளலாம் என்று ஆசிரியர்கள் முடித்தார்கள்.

பலரும் மேற்கோள் காட்டுவது 69 என்ற எண்ணைத்தான். அது தவறான பழக்கம் என்பது என் கருத்து. போலி மருந்தோடு ஒப்பிடப்பட்டது 46-ம் 6-ம் மட்டுமே. 69 சதவீதம் என்பது, மருந்து ஏறுகிறது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரிந்த பிறகு வந்த எண். பக்கத்தில் ஒப்பிட எவரும் இல்லாத எண். சோதனையின் வலிமை முழுவதும் அந்தப் பதினான்கு நாளில் இருக்கிறது.

அந்த வலிமை எவ்வளவு என்பதையும் கையால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முப்பது பேரில் ஏழு பேருக்கு முன்னேற்றம். அந்த ஏழு பேரும் தற்செயலாக இரு பிரிவுகளில் விழுந்தால் 6, 1 என்றோ அதைவிட ஏற்றத்தாழ்வாகவோ விழ எத்தனை வழிகள் என்று எண்ணினால் 0.025 என்ற அதே எண் கிடைக்கிறது. இப்போது மருந்துப் பிரிவில் முன்னேறிய ஆறு பேரில் ஒரே ஒருவருடைய புண்ணை அன்று பார்த்த மருத்துவர் 'முன்னேற்றம் இல்லை' என்று எழுதியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 13-இல் 5, 17-இல் 1. அதே முறையில் கணக்கிட்டால் எண் 0.06-ஐத் தொட்டுவிடுகிறது, எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. ஒரு நோயாளியின் ஒரு புண்ணைப் பற்றிய ஒரு மாலை நேர முடிவு, சோதனை வென்றதா தோற்றதா என்பதைத் தீர்மானித்திருக்கக்கூடும். இதைச் சொல்வது அவர்களைக் குறை கூறுவதற்காக அன்று. அரிய நோயில் முப்பது பேரைச் சேர்த்ததே பெரும் பணி. ஆனால் இந்த எண்ணின் மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றலாம் என்பது படிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதோடு நோயறிதலின் சிக்கலும் சேர்கிறது. இந்த நோயை உறுதிசெய்ய ஒரு ரத்தச் சோதனை கிடையாது. புண்ணின் விளிம்பிலிருந்து சிறு துண்டை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தாலும், நியூட்ரோஃபில்கள் குவிந்திருப்பது தெரியுமே தவிர, அது இந்த நோய்க்கு மட்டுமே உரிய அடையாளம் அன்று. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் இந்தப் பெயருக்கு வர வேண்டும். மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்கள், பயோடெர்மா கேங்கிரினோசம் என்று தவறாகக் கருதப்பட்ட 95 நோயாளிகளைப் பற்றி 2002-இல் எழுதினார்கள். ரத்த நாள அடைப்பு, நாள அழற்சி, புற்றுநோய், நேரடித் தொற்று என்று உண்மையான காரணங்கள் பலவாக இருந்தன. தங்களிடம் இந்தப் பெயரோடு இருந்த நோயாளிகளில் சுமார் பத்தில் ஒருவருக்கு நோயறிதல் பிழை என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். அதே விகிதத்தை முப்பது பேருக்குப் பொருத்தினால் மூன்று பேர். முடிவை மாற்ற ஒருவர் போதும் என்று சற்று முன் கண்டோம். திசுச் சோதனையில் நியூட்ரோஃபில் குவியலை முதன்மை அடையாளமாகவும், எட்டுத் துணை அடையாளங்களில் குறைந்தது நான்கு இருக்க வேண்டும் என்றும் வைத்து, பல நாட்டு வல்லுநர்கள் உடன்பட்ட வரையறை 2018-இல்தான் வந்தது. 2006-இல் அந்தத் துணை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஒரு புண்ணுக்குள் இரண்டு வேலைகள்

இந்தச் சோதனையை நான் திரும்பத் திரும்பப் படித்ததற்குக் காரணம் அதன் அளவுகோல்தான். புண் 'ஆறுகிறது' என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. முதலாவது, அழற்சி அடங்குவது: ஊதா விளிம்பு வெளுக்கிறது, தடிப்பு தணிகிறது, வலி குறைகிறது, புண் மேலும் அகல்வது நிற்கிறது. இரண்டாவது, தோல் வளர்ந்து மூடுவது: தரையில் சிவந்த புதுச்சதை நிரம்பி, ஓரத்திலிருந்து மெல்லிய தோல் உள்நோக்கி ஊர்ந்து வருகிறது. டிஎன்எஃப்-ஐக் கட்டும் மருந்து செய்வது முதல் வேலையை. இரண்டாவது வேலையை உடல்தான் செய்ய வேண்டும். அதற்கு ரத்த ஓட்டம், ஊட்டம், வீக்கமில்லாத கால், இடம், வயது எல்லாமே காரணிகள்.

முதல் வேலை சில நாளில் தெரிந்துவிடும். இரண்டாவதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். எனவே பதினான்காவது நாளில் 'முன்னேற்றமா' என்று கேட்பது, மருந்து செய்யக்கூடிய வேலையைப் பற்றி நேர்மையாகக் கேட்ட கேள்வி. அதே நாளில் 'மூடிவிட்டதா' என்று கேட்டிருந்தால் இரு பிரிவிலும் விடை பூஜ்யத்தை ஒட்டியே இருந்திருக்கும். ஆனால் நோயாளிக்கு வேண்டியது மூடிய தோல். முன்னேற்றம் என்ற சொல் பார்ப்பவரின் கண்ணைச் சார்ந்தது. மூடியதா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டு விடைகள்தான். எந்தக் கேள்வியைத் தேர்ந்தாலும் ஒன்றை இழக்க நேர்கிறது.

பரப்பை அளந்தால் தீருமே என்றால், அதுவும் எளிதன்று. புண்ணின் மேல் மெல்லிய ஒளிபுகும் தாளை விரித்து, மைப் பேனாவால் விளிம்பைச் சுற்றி வரைந்து, கட்டம் போட்ட தாளில் வைத்துச் சதுரங்களை எண்ணுவது பழைய முறை. கை நடுங்கினாலும், நோயாளி வலியில் காலை இழுத்தாலும் கோடு விலகும். இறவாணம் போல நிற்கும் விளிம்புக்கு அடியில் இருக்கும் குழியை எந்தக் கோடும் காட்டாது. அந்தக் கூரை உதிர்ந்துவிட்டால், நோய் அடங்கிக்கொண்டிருக்கும்போதே தாளில் புண் பெரிதாகிவிடும்.

சதவீதத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. வட்டமான இரண்டு புண்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் விட்டம் 2 சென்டிமீட்டர், மற்றதன் விட்டம் 10 சென்டிமீட்டர். இரண்டிலும் தோல் சுற்றிலும் இரண்டரை மில்லிமீட்டர் வளர்ந்தால், சிறிய புண்ணின் பரப்பு 44 சதவீதம் குறைந்திருக்கும், பெரிய புண்ணின் பரப்பு 10 சதவீதம்தான் குறைந்திருக்கும். சதுர சென்டிமீட்டரில் பார்த்தாலோ நிலைமை தலைகீழ்: சிறியது ஒன்றரைக்கும் குறைவாகவே இழந்திருக்க, பெரியது ஏழரைக்கு மேல் இழந்திருக்கும். இரண்டு நோயாளிகளின் உடலும் செய்த வேலை ஒன்றேதான். ஒரு பிரிவில் தற்செயலாகச் சிறிய புண்கள் அதிகம் விழுந்துவிட்டால், எந்த மருந்தும் கொடுக்காமலே அந்தப் பிரிவு வென்றதாகத் தோன்றும். முப்பது பேர் சோதனையில் இப்படி விழுவது அரிதன்று.

பிறகு வந்தவை காட்டும் வெளிச்சம்

இன்ஃப்ளிக்ஸிமாப் சோதனையின் எண்களைத் தனியாகப் படித்தால் அவற்றின் அளவு புரியாது. பக்கத்தில் வைத்துப் படிக்க மூன்று இருக்கின்றன.

முதலாவது, இன்ஃப்ளிக்ஸிமாப் போல உயிரணுக்களில் வளர்த்தெடுக்கும் உயிரியல் மருந்தைப் பற்றியதன்று. 2015-இல் பிஎம்ஜே இதழில் வெளிவந்த, பிரிட்டனிலேயே நடந்த ஸ்டாப் கேப் சோதனையில் 121 பேர் சேர்ந்தார்கள். கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.75 மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஒரு பிரிவுக்கு, 4 மில்லிகிராம் சைக்ளோஸ்போரின் மற்றதற்கு. புண்ணின் படங்களை எடுத்து, யாருக்கு எந்த மருந்து என்று தெரியாதவர்கள் அளந்தார்கள். முடிவில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை: ஆறு மாதத்தில் இரு பிரிவிலும் 47 சதவீதத்தினருக்குப் புண் ஆறியிருந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, ஆண்டாண்டு காலமாகக் கைகண்ட மருந்து என்று நம்பியவை ஆறு மாதமாகியும் புண்ணை மூடவில்லை. இரு பிரிவிலும் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பக்கவிளைவுகள் வந்தன; பெரும்பாலும் தொற்றாக வந்த கடுமையான விளைவுகள் பிரெட்னிசலோன் பிரிவில் கூடுதலாக இருந்தன. உயிரியல் மருந்து ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. அதேசமயம், ஸ்டீராய்டு மட்டுமே கொடுத்தாலும் ஆறு மாதத்தில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் புண் மூடும் என்பதும் இதிலிருந்து தெரிந்தது. இந்த இரண்டாவது செய்தி சற்றுப் பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது ஜப்பானில் நடந்தது. அடலிமுமாபும் டிஎன்எஃப்-ஐக் கட்டும் எதிர்ப்பொருள்தான். ஆனால் முழுக்க மனித அமைப்புடையது, தோலுக்கடியில் ஊசியாகப் போடுவது. 22 பேருக்கு முதலில் 160 மில்லிகிராம், இரண்டாம் வாரம் 80, பிறகு வாரந்தோறும் 40 என்று கொடுத்து 26 வாரம் பின்தொடர்ந்தார்கள். கேள்வி இங்கே கடுமையானது: தேர்ந்தெடுத்த புண் நீர் வடியாமல், கட்டுப் போடத் தேவையில்லாமல் முழுவதும் மூட வேண்டும். 12 பேருக்கு, அதாவது 54.5 சதவீதத்தினருக்கு, அது நடந்தது. 2020-இல் ஜப்பான் இந்த நோய்க்கு அந்த மருந்தை அனுமதித்தது. நோயாளிகளுக்கு அது பெரிய விடிவு. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் போலி மருந்துப் பிரிவு இல்லை. 22-இல் 12 என்ற எண்ணிக்கையிலிருந்து கணக்கிட்டால், உண்மை விகிதம் 32 சதவீதத்துக்கும் 76 சதவீதத்துக்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஸ்டாப் கேப் கண்ட 47 அந்த இடைவெளிக்குள் நன்றாகவே உட்காருகிறது. இரு சோதனைகளின் நோயாளிகளும் ஒரே வகையினர் அல்லர் என்பதால் நேராக ஒப்பிடக் கூடாது. இருந்தாலும் கண் அங்கே போவதைத் தடுக்க முடியவில்லை.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும் விட அதிகம் கற்றுக்கொடுத்தது. ஜெர்மனியின் யேனா நகரைச் சேர்ந்த இன்ஃப்ளாரெக்ஸ் நிறுவனத்தின் விலோபெலிமாப், டிஎன்எஃப்-ஐத் தொடுவதில்லை. ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் காம்ப்ளிமென்ட் என்ற புரத வரிசையில் சி5 உடையும்போது பிறக்கும் சி5ஏ என்ற துண்டு, நியூட்ரோஃபில்களைக் கூவி அழைக்கும் குரல் போன்றது. அந்தக் குரலை மட்டும் அடக்கி, கிருமிகளைத் துளைக்கும் மறுபாதியை விட்டுவைப்பது இந்த மருந்தின் வழி. நோயின் மூலத்தை நினைத்தால் இதைவிடப் பொருத்தமான யோசனை கிடைப்பது கடினம். 19 பேரை வைத்து மறைப்பில்லாமல் நடத்திய இரண்டாம் கட்டச் சோதனையில், அதிக அளவு பெற்ற 7 பேரில் 6 பேருக்குப் புண் மூடியது. மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

அடுத்து முறையான மூன்றாம் கட்டச் சோதனை: குலுக்கல், இரட்டை மறைப்பு, போலி மருந்து, 26 வாரத்துக்குள் புண் முழுவதும் மூடுவதே அளவுகோல். நோயாளிகளை வெறுமனே விட முடியாது என்பதால் இரு பிரிவினருக்கும் முதல் நாளே குறைந்த அளவு ஸ்டீராய்டு தொடங்கி, எட்டு வாரத்துக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். முதல் 30 பேரின் முடிவுகளைத் தனிக் குழு ஒன்று பார்த்தது. தொடர்ந்தாலும் வேறுபாடு தெரிய வாய்ப்பில்லை என்று கூறி, 2025 மே மாதம் சோதனையை நிறுத்தப் பரிந்துரைத்தது. நிறுத்தப்பட்டது.

ஏழில் ஆறு எங்கே போயிற்று? ஏழில் ஆறு என்பது 86 சதவீதம் என்று எழுதப்பட்டாலும், ஏழே பேரை வைத்துச் சொல்லக்கூடியது 42-க்கும் 99-க்கும் இடையில் ஏதோ ஒன்று என்பது மட்டுமே. அதைத் தவிர, போலி மருந்துப் பிரிவு வெறுமையானதன்று. அதற்குள் ஸ்டீராய்டு இருந்தது, நல்ல கட்டு இருந்தது, வாரந்தோறும் அக்கறையோடு பார்க்கும் கண்கள் இருந்தன. இவை எல்லாம் சேர்ந்து எத்தனை புண்களை மூடக்கூடும் என்பதற்கான ஒரு குறிப்பை ஸ்டாப் கேப் முன்பே தந்திருந்தது. மருந்தே வேலை செய்யவில்லையா, வேலை செய்தும் மூடுதல் என்ற அளவுகோலில் அது தெரியாமல் போயிற்றா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. இரண்டாவதாக இருக்கலாம் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. ஆனால் நம்பிக்கையை வைத்து மருந்துச் சீட்டு எழுத முடியாது.

இந்த வெளிச்சத்தில் 2006-ஐத் திரும்பிப் பார்க்கும்போது அதன் சிறிய எல்லையே அதன் பலமாகவும் தெரிகிறது. பதினான்கு நாளில் போலி மருந்துப் பிரிவில் ஒருவர்தான் முன்னேறினார். நாள் குறைவாக இருந்ததால் இயல்பாக ஆறும் புண்கள் வந்து ஒப்பீட்டைக் கலைக்க இடமில்லாமல் போயிற்று. மருந்தின் நேரடிச் செயலைத் தெளிவாகப் பார்க்க அந்தக் குறுகிய சாளரம் உதவியது. ஆறு மாதம் கழித்து அந்த நோயாளி எப்படி இருப்பார் என்பதை அதே சாளரம் மறைத்துவிட்டது.

பாதுகாப்பைப் பற்றி ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் நாட்டில் இது முதல் கேள்வி. காசநோய்க் கிருமி நுரையீரலில் நுழைந்ததும் உடல் அதைச் சுற்றி உயிரணுக்களால் ஒரு மதில் எழுப்பி அடைத்துவைக்கிறது. அந்த மதில் இடியாமல் நிற்க டிஎன்எஃப் வேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப் ஏற்றியபின் காசநோய் வந்த 70 பேரைப் பற்றி அமெரிக்காவில் 2001-இல் அறிக்கை வெளிவந்தது. அவர்களில் 48 பேருக்கு மூன்றோ அதற்குக் குறைவாகவோ மருந்து ஏறிய நிலையிலேயே நோய் கிளம்பியிருந்தது. பாதிக்கு மேற்பட்டோருக்கு அது நுரையீரலுக்கு வெளியேயும் பரவியிருந்தது. உறங்கும் காசநோய் பரவலாக உள்ள ஊரில், தோலில் போடும் சோதனை, ரத்தச் சோதனை, மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றைப் பார்க்காமல் இந்த மருந்தைத் தொடங்குவது பெரும் பிழை. காலில் ஆறாத புண் என்று வருபவருக்குக் காசநோயே தோல் புண்ணாக வந்திருக்கக்கூடும் என்பதையும் சேர்த்து நினைத்தால், திசுத் துண்டில் ஒரு பகுதியைக் கிருமி வளர்ப்புக்கு அனுப்புவது ஏன் கட்டாயம் என்பது விளங்கும். இந்தியாவில் அடலிமுமாபின் ஒத்த மருந்து 2014-இலேயே சந்தைக்கு வந்துவிட்டது. மருந்து கையெட்டும் தூரத்துக்கு வரவர, இந்த முன்சோதனைகளின் தேவையும் கூடுகிறது.

இனி ஒரு சோதனை வகுக்கப்பட்டால், இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்: பதினான்காவது நாளில் விளிம்பின் நிறம், தடிப்பு, நோயாளி சொல்லும் வலி, 26-ஆவது வாரத்தில் மூடிய தோல். கூடவே ஒவ்வொருவரும் எவ்வளவு ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டார், எப்போது நிறுத்த முடிந்தது என்பதும் எழுதப்பட வேண்டும். குலுக்கலுக்கு முன்பே புண்ணின் அளவைப் பார்த்து, சிறியவை பெரியவை இரு பிரிவிலும் சமமாக விழும்படி பிரிக்க வேண்டும். இவற்றில் எதுவும் கூடுதல் பணம் கேட்பதில்லை. ஒரு நாட்டில் மட்டும் ஆள் தேடாமல் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்தால்தான் நடக்கும்.

2006-ஆம் ஆண்டுச் சோதனையில் பலன் கிடைக்காத அந்த 9 பேர் இன்னும் விளக்கம் பெறாமலே இருக்கிறார்கள். மருந்து ஏறுவதற்கு முன் அவர்களுடைய புண் மற்ற 20 பேருடைய புண்ணிலிருந்து எந்த வகையில் வேறாக இருந்தது என்று முன்கூட்டியே காட்டும் ரத்தச் சோதனையோ திசுச் சோதனையோ இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. மருத்துவர் ட்ரிப்பைப் போட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து விளிம்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்.